பீப்பாயில் இறங்கிய மழை

என் ஓரகத்தி அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னால் நான்கு வருஷம் நான்தான் அங்கே ஒரே பெண்பிள்ளை. என் கல்யாணத்துக்கு முன்பே மாமியார் காலமாகிவிட்டார். மாமனார், என் வீட்டுக்காரர், கொழுந்தன் என்று மூன்று ஆண்கள். சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. அதைவிட எனக்குப் பெருமையான ஒன்றும் இருந்தது. நான் எட்டாவது வரை படித்தவள். கல்லாவியில் பிறந்து, கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். ஐம்பதுகளில் விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது பெரிய படிப்பு.

மாமனாருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆண்பிள்ளைகள் இருவரும் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், அதிலேயே பொறுமை போய்விடும். அதனால் பத்திரம், தாலுகா ஆபீஸ் நோட்டீஸ், உறவுக்காரர் கடிதம் எல்லாம் என் கைக்கு வரும். காலையில் பால் கறந்து முடித்ததும் மாமனார் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காருவார். "பெரியவளே, அந்தக் காகிதத்த எடுத்துக்கினு வா" என்பார். ஓசூர் பஸ்ஸில் வந்த முந்தின நாள் செய்தித்தாளை நான் கதவோரம் நின்று படிப்பேன். ஒரு வரியைத் திரும்பக் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடத் தங்கள் காகிதங்களை எடுத்து வருவார்கள். "அந்த நிலத்த வாங்கலாமா வேணாமான்னு மூத்த மருமகளக் கேளு" என்று மாமனார் அவர்களிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

கொழுந்தனுக்குப் பெண் பார்த்தது அத்திப்பள்ளிப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து ஜூஜுவாடிக்கு நடந்து போய், எல்லைச் சாவடி தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே ரோட்டோரம் அவளுடைய அப்பா லாரி ரிப்பேர் ஷெட் வைத்திருந்தார். தாயில்லாத பெண். வீட்டில் தனியாக விட முடியாமல் அவர் அவளை ஷெட்டிலேயே வைத்து வளர்த்தாராம். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், லாரிக்காரர்களிடம் தமிழ். மூன்றும் பேசுவாள். ஒன்றிலும் எழுதப் படிக்கத் தெரியாது. அது தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த நிம்மதி ஒரு வாரம் கூட நிற்கவில்லை. முதலில் களி. அவள் கிளறிய கேழ்வரகுக் களி உருண்டை கையில் ஒட்டாது, உள்ளே கட்டி இருக்காது, வழவழவென்று தொண்டையில் இறங்கும். என் வீட்டுக்காரர் இரண்டாவது உருண்டை கேட்டார். நான்கு வருஷத்தில் என்னிடம் அவர் அப்படிக் கேட்டதில்லை. "அவ ஊருக்காரங்களுக்கு வேற என்ன தெரியும், களியத் தவிர" என்றேன். அவர் இரண்டாவது உருண்டையைக் குழம்பில் தோய்த்தார்.

அடுத்து டிராக்டர். அந்த யோசனையே கொழுந்தனுடையது. ஆனால் எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்பதை அவளுடைய அப்பாதான் பெங்களூரில் போய்ப் பார்த்து முடிவு செய்தார். சீமையிலிருந்து வந்த வண்டி, ஒரு பண்ணைக்காரர் கொஞ்ச நாள் ஓட்டியது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஊர் எல்லையில் இறக்கினார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் யாரிடமும் டிராக்டர் கிடையாது. மஞ்சள் தடவி, பூ சுற்றி, தேங்காய் உடைத்து, அது தடதடவென்று எங்கள் தெருவில் வந்தபோது கோழிகள் கூரை மேல் ஏறிவிட்டன. எல்லோரும் டிராக்டரைப் பார்த்தார்கள். நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் சின்ன மருமகள் பக்கம் திரும்பி, "சத்தம் சரியா இருக்குதாம்மா?" என்று கேட்டார். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நல்லா உண்டு மாமா" என்றாள்.

அன்றிலிருந்து வாசல் கட்டிலில் செய்தித்தாள் மடித்தபடியே கிடக்கும் நாட்கள் வந்தன. மாமனார் காலையில் எழுந்ததும் டிராக்டரிடம் போய்விடுவார். வண்டி ஓட்ட பர்கூர்க்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தோம். முன்னே லாரி ஓட்டியவர், நாற்பது வயதிருக்கும், கொஞ்சம் வீறாப்பான மனிதர். அவர் ஏதாவது சொன்னால் மாமனார் கேட்டுக்கொள்வார். பிறகு உள்ளே வந்து சமையல்கட்டுப் பக்கம் பார்த்து, "சின்னவளே, டிரைவர் இப்படிச் சொல்றான், சரிதானா?" என்பார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே இரண்டு வார்த்தை சொல்வாள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன். புகை இல்லாமலேயே கண் எரியும்.

டிராக்டருக்கு ஊற்றும் எண்ணெயை எங்கள் பக்கம் அப்போது யாரும் டீசல் என்று சொல்லமாட்டார்கள். குருடாயில் என்பார்கள். ஓசூரிலிருந்து பெரிய இரும்புப் பீப்பாய்களில் மாட்டு வண்டியில் வரும். இரண்டு பீப்பாய்களை மாட்டுக் கொட்டகையின் பின் சுவர் ஓரமாக, திறந்த வெளியில், நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பீப்பாயின் தலையில் திருகு மூடி. டிரைவர் அதைத் திறந்து கைப்பம்பு விட்டு எண்ணெய் இறைத்து டேங்கில் ஊற்றுவார். சின்னவள் தினமும் ஒருதரம் அங்கே போய், மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பாள். திரும்ப மூடி, பானா போட்டு முறுக்கிவிட்டு வருவாள். திருகு முடுக்கும் ஸ்பேனரை அவள் பானா என்றுதான் சொல்வாள். அவளைக் கேட்டு மாமனாரும் பானா என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, ஆயில் பீப்பா இப்படி மழைல நிக்கக் கூடாது. கூரைக்குக் கீழ படுக்க வெக்கணும். எங்கப்பா ஷெட்ல அப்படித்தான் வெப்பாரு. கொட்டாயில அந்த மூலைய ஒழிச்சுக் குடுத்தீங்கன்னா சரியா இருக்கும்."

அவள் கை காட்டிய மூலையில் நான் வரட்டி அடுக்கியிருந்தேன். மழைக்காலத்துக்கு வேண்டிய வரட்டி. ஒழிக்க இடம் இல்லாமல் இல்லை. விறகு அறையில் பாதி காலி.

"அது மாட்டுக் கொட்டாய். உங்கப்பா ஷெட் இல்ல" என்றேன்.

அவள் முகம் சிறுத்துப்போனது. யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமனார் அன்றைக்கே வரட்டியை வெளியே எடுக்கச் சொல்லியிருப்பார். அவள் சொல்லாமல் விட்டதிலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

புரட்டாசி முடியும் சமயம். கொட்டகைக் கம்பம் ஒன்றில் கறையான் ஏறியிருந்தது. குருடாயில் தடவினால் கறையான் அண்டாது என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டு வாங்க எனக்கு மனசில்லை. என் வீட்டில், என் கொட்டகைக்கு, ஒரு கை எண்ணெய்க்கு அவளிடமோ டிரைவரிடமோ போய் நிற்பதா என்று இருந்தது. மத்தியான நேரம் எல்லோரும் வயலுக்குப் போயிருந்தபோது, சுவரில் தொங்கிய பானாவை எடுத்து ஒரு பீப்பாய் மூடியைத் திறந்தேன். அவள் எப்படிப் பிடிப்பாள் என்று பார்த்து வைத்திருந்தேன். கழற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. குச்சி முனையில் துணி சுற்றி உள்ளே விட்டு நனைத்து நனைத்துக் கம்பத்தில் தடவினேன். திரும்ப மூடும்போது திருகின் மறை சரியாகப் பிடிக்கவில்லை. கோணலாக ஏறி நின்றுவிட்டது. பானா இரண்டு தரம் வழுக்கி என் விரல் முட்டியைப் பெயர்த்தது. போதும் என்று கையால் அழுத்திவிட்டு, ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் தன் அப்பாவைப் பார்க்க அத்திப்பள்ளி போனாள். நான்கு நாள் இருந்துவிட்டு வந்தாள். அந்த நான்கு நாளில் இரண்டு நாள் விடாமல் மழை.

பீப்பாயின் தலையில் சுற்றிலும் விளிம்பு உண்டு. மழை பெய்தால் அங்கே தட்டுப் போலத் தண்ணீர் நிற்கும். மூடி இறுக்கமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இறுக்கமில்லாத மூடி வழியாக அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். பகலில் வெயிலில் சூடாகி விரிந்த பீப்பாய் மழையில் குளிரும்போது, அதுவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மழை விட்டதும் கொள்ளு விதைப்புக்கு உழ வேண்டியிருந்தது. எங்கள் ஏரிக்கரை நிலத்தை முடித்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய நிலத்தையும் உழுது கொடுப்பதாக மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார். டிரைவர் காலையில் அந்தப் பீப்பாயிலிருந்து டேங்கை நிறைத்துக்கொண்டு போனார். ஏரிக்கரையில் நாலு சால் ஓட்டியிருப்பார். வண்டி இருமியது. வெள்ளைப் புகை தள்ளியது. அப்படியே நின்றுவிட்டது.

அன்று முழுக்கப் பார்த்தார்கள். கிளப்பினால் கிளம்பும், கொஞ்ச தூரம் இழுக்கும், விக்கி விக்கி நிற்கும். மறுநாளும் அதே கதை. பக்கத்து நிலங்களில் மாடு கட்டி உழுதவர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் தன் எருதைத் தட்டிக் கொடுத்து, "இதுக்குப் புல்லு போட்டா போதுங்க" என்று மாமனார் காதில் விழும்படி சொன்னாராம். பக்கத்து ஊர்க்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதுகையில் இந்த வார்த்தையை மாற்றலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. சந்தோஷம்தான். அந்த இரண்டு நாளும் சாயங்காலம் மாமனார் சோர்ந்து போய் வந்து கட்டிலில் சாய்ந்து, "பெரியவளே, காகிதத்தில என்ன போட்டிருக்கான், படி" என்றார். நான் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். இரண்டாம் நாள், ஊரிலிருந்து திரும்பி உள்ளே இருந்த சின்னவளுக்குக் கேட்கட்டும் என்று படித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நாங்கள் இருவரும் வயலுக்குச் சாப்பாடு கொண்டு போனோம். அவள் தலையில் களிக் கூடை, என் தலையில் கீரைக் குழம்புச் சட்டி. அவள் முந்தின நாள் சாயங்காலம்தான் அப்பா வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். நாங்கள் வரப்பில் ஏறும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே விக்கியது, வெள்ளையாகப் புகைத்தது, நின்றது.

டிரைவர் கீழே இறங்கி முகத்தைத் துடைத்தார். "இன்ஜின் பம்பு போச்சுங்க. இங்க ஒண்ணும் செய்ய முடியாது. பெங்களூருக்குத்தான் கொண்டு போவணும்."

மாமனார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு டிராக்டருக்குக் கிட்டே போனாள். டேங்குக்குக் கீழே எண்ணெய் வடிந்து வரும் வழியில் உள்ளங்கை அளவு ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதைக் குனிந்து பார்த்தாள்.

"இதைக் கழட்டிப் பாத்தீங்களாண்ணா?"

"பாத்தாச்சும்மா. தண்ணி கிண்ணி இருந்தா அடியில கோடு மாதிரி தனியாத் தெரியும். ஒரு கோடும் இல்ல. ஊட்டுப் பொம்பளைங்களுக்கு இது எதுக்கு? சாப்பாட்ட எடுத்து வையிங்க" என்றார் டிரைவர்.

"கோடு இல்லன்னா ரெண்டுல ஒண்ணு. முழுக்க ஆயிலா இருக்கும். இல்லன்னா முழுக்க நீரா இருக்கும்" என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை.

மாமனார் வரப்பிலிருந்து எழுந்தார். "கழட்டுடா" என்றார் டிரைவரிடம்.

கிண்ணத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்கள். அவள் அதில் விரலை நனைத்து, அப்போதுதான் நின்ற இன்ஜினின் புகைக்குழாய் மேல் சொட்டினாள். தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் சுர்ரென்று பொங்கி, சுவடில்லாமல் மறைந்தது. பிறகு டேங்க் மூடியைத் திறந்து, மேலாக ஒரு குச்சியில் எண்ணெயைத் தொட்டு அதே குழாயில் வைத்தாள். அது சத்தம் போடவில்லை. கரேலென்று புகைந்து நாறியது.

"கிண்ணம் பூரா நீரு மாமா. பம்பு போகல. ஆயில் மேல மிதக்கும், நீரு கீழ நிக்கும். பம்புக்கு முதல்ல கீழ இருக்கிறதுதானே போவும். ஆனா இப்படியே இன்னும் ரெண்டு நாள் ஓட்டினா நிஜமாவே துரு ஏறிப் போயிடும்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரு நொடி விடாமல் பார்த்தேன். பார்க்காமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தும் கால் வரவில்லை. கொழுந்தன் புது வடிகட்டி வாங்கிவர அவளுடைய அப்பா ஷெட்டுக்குச் சைக்கிளில் பறந்தான். அவன் வருவதற்குள் டேங்கின் அடித் திருகைக் கழற்றி எல்லாவற்றையும் வாளிகளில் வடித்தார்கள். வாளியைக் கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்ததும் அடியில் தெளிந்த தண்ணீர் தனியாக நின்றது. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதினார்கள். இரண்டாவது பீப்பாயிலிருந்து எண்ணெய் கொண்டுவரச் சொல்லி, அதையும் ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்த பிறகுதான் டேங்கில் ஊற்ற விட்டாள்.

வடிகட்டி வந்தது. மாட்டினார்கள். டிரைவர் உடனே கிளப்பப் போனார். அவள் கை நீட்டித் தடுத்தாள். "குழாயெல்லாம் காத்து. காத்தை எடுக்காம கிளம்பாது." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்து ஏறினாள். வடிகட்டியின் தலையில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினாள். கொழுந்தன் எண்ணெயைத் தள்ளும் கைப்பிடியை மேலும் கீழும் அடிக்க, அந்தத் திருகு வழியாக நுரை நுரையாக எண்ணெய் வந்தது. நுரை நின்று கம்பி போல ஒழுகும் வரை விட்டு மூடினாள். அடுத்த திருகு. அதற்கடுத்தது.

"மாமா, அந்தச் சின்ன பானா" என்றாள் திரும்பாமலே.

மாமனார் குனிந்து, சாக்கில் கிடந்த ஸ்பேனர்களில் தேடி எடுத்து, தன் வேட்டியில் துடைத்து அவள் கையில் கொடுத்தார். "இதுவாம்மா?" "அது இல்ல மாமா, அதுக்கு அடுத்தது." அவர் மறுபடி குனிந்தார்.

அந்த மனிதர் தான் குடித்த சொம்பைக் கூடத் தானே எடுத்து வைத்ததில்லை. நான்கு வருஷம் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். செய்தித்தாள் கீழே விழுந்தால் நான்தான் குனிந்து எடுப்பேன். வரப்பில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கை முழங்கை வரை கறுப்பாகியிருந்தது. அந்தக் கறுப்பு என் கையில் இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். அவள் விழ வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே சமயத்தில் நினைத்தேன்.

வண்டி கிளம்பியது. முதலில் வெள்ளையாகத் துப்பியது. பிறகு சுத்தமான சத்தம். எருதுக்காரர் தன் உழவைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் மாமனார் நேராகப் பீப்பாய்களிடம் போனார். வழியெல்லாம் எண்ணெய் விற்றவனைத்தான் திட்டிக்கொண்டு வந்தார். பீப்பாயின் தலையில் இன்னும் கொஞ்சம் மழைத் தண்ணீர் நின்றது. மூடியைத் தொட்டதும் அது அப்படியே கையோடு வந்துவிட்டது.

"யார் இதத் தெறந்தது?"

டிரைவருக்கு மத்தியானத்து அவமானம் ஆறியிருக்கவில்லை. "நான் எப்பவும் முடுக்கித்தான் வெப்பன். மழை விட்டப்புறம் காலைல தெறக்கறப்பவே லூசாத்தான் இருந்துச்சு. மறை கெட்டுப்போயி அப்புறம் முடுக்கவே முடியல. சின்னம்மாதான் இந்தப் பக்கம் வந்து வந்து போவாங்க."

மாமனார் அவளைப் பார்த்தார். "நான் டைட் பண்ணித்தான் வெச்சன் மாமா. ஊருக்குப் போற முந்தின நாள் காலைல கூடப் பாத்தன்" என்றாள் அவள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தாலே தப்புதான். ஆனால் வாய் திறந்தேன். "தினமும் குச்சி விட்டுப் பாக்கறவ அவதானே மாமா. ஊருக்குப் போற அவசரத்துல மறந்திருப்பா."

சாதாரணமாக, அவளுக்குப் பரிந்து பேசுவது போலச் சொன்னேன். அதுதான் வேலை செய்தது. மாமனாரின் முகம் மாறியது. மூன்று நாள் ஊர் சிரித்தது அவர் முகத்தில் தெரிந்தது. "சரி. இனிமே பொம்பளைங்க யாரும் இந்தப் பக்கம் வர வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். வலது கை விரல் முட்டியில் காயம் பொருக்குத் தட்டியிருந்தது. நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. பீப்பாய்ப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். மாமனார் எதுவும் கேட்க வந்தால், "எனக்குத் தெரியாதுங்க மாமா" என்றாள். சமையல்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. காலையில் செய்தித்தாள், வாசல், கட்டில், எல்லாம் எனக்குத் திரும்பி வந்தன. மாமனார் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்.

டிரைவர் அந்தக் கெட்ட பீப்பாயை வீணாக்க மனமில்லாமல், மேலாக இறைத்தால் சரியாகிவிடும் என்று கைப்பம்பு விட்டு இறைத்தார். கைப்பம்பின் குழாய் அடிவரை போனது அவருக்கு உறைக்கவில்லை. யாரும் பாட்டிலில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லியிருக்க வேண்டியவள் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர்க்காரர் நிலத்தில் பாதி உழவில் வண்டி நின்றது. இந்தத் தடவை இரண்டு நாள் அப்படியே போட்டு இழுத்தார்கள். இன்ஜின் பம்பு நிஜமாகவே துருவேறிப் பிடித்துக்கொண்டது. கழற்றிச் சாக்கில் கட்டி பெங்களூருக்கு எடுத்துப் போனார்கள். அது திரும்பி வருவதற்குள் ஈரம் காய்ந்து கொள்ளு விதைப்புப் போய்விட்டது. எங்களுக்கும் போயிற்று, பக்கத்து ஊர்க்காரருக்கும் போயிற்று. அவர் மாமனாரோடு பேசுவதை விட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கறையான், துணிக் குச்சி, கோணல் மூடி எல்லாம். அவர், "இப்பச் சொல்லி என்ன ஆவப்போவுது, விடு" என்றார். விட முடியவில்லை. அவள் சோறு போடும்போதெல்லாம் என் விரலைப் பார்க்கிறாள் என்று தோன்றும். ஆனால் அவள் பார்க்கவே இல்லை. காயமும் ஆறிவிட்டது.

ஒரு காலை, செய்தித்தாளில் மழைச் சேதம் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினேன். "மாமா, அந்த மூடியத் தெறந்தது நான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். "எதுக்கு?" என்றார்.

"கறையானுக்கு ஆயில் எடுக்க."

"அது இல்ல. அவளச் சொன்னது எதுக்கு?"

எட்டாவது வரை படித்த நான், கையில் இருந்த செய்தித்தாளை மடித்தேன், பிரித்தேன். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என் வரட்டி எல்லாம் வெளியே வந்து விழும் சத்தம் கேட்டது. மூன்று ஆண்களும் சேர்ந்து பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போய் அந்த மூலையில் கட்டை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மாமனார் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். "சின்னவளே, சரியா வெச்சிருக்கமா, வந்து பாரு" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

என்னை அவர் திட்டவில்லை, ஒதுக்கவும் இல்லை. காகிதம் வந்தால் முன்போலவே கூப்பிட்டார். ஆனால் நான் படித்து முடித்ததும் ஒரு நொடி நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். முன்பு அப்படிப் பார்த்ததில்லை.

சின்னவள் சில மாதம் என்னோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினாள். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் ஒரு பழைய டப்பாவைக் கொண்டு வந்து கொட்டகையில் வைத்தாள். "இன்ஜின்ல இருந்து எடுத்த பழைய ஆயில் அக்கா. கறையானுக்கு இதுதான் நல்லது. தீந்தாச் சொல்லுங்க" என்றாள். கோபம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. மனசு பெரிதாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள் என்று.

அதற்கடுத்த வருஷம் அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கொழுந்தனும் அவளும் ஷெட்டைப் பார்த்துக்கொள்ள அத்திப்பள்ளிக்கே போய்விட்டார்கள். டிராக்டர் எங்களிடம் இருந்தது. அது நின்றால் கொழுந்தன் வருவான், தீராவிட்டால் அவள் வருவாள்.

ஒருமுறை நானே போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. மாமனாரும் என் வீட்டுக்காரரும் கோர்ட்டு வேலையாகக் கிருஷ்ணகிரி போயிருந்தார்கள், வண்டி வயலில் நின்றிருந்தது. ஜூஜுவாடியில் பஸ் ஏறி அத்திப்பள்ளியில் இறங்கினேன். ஷெட்டில் மூன்று லாரிகள் நின்றன. லாரிக்காரர்கள் ஓரமாகக் குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தான். அவள் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தது, ஆறு மாதம் இருக்கும். எனக்கு அதுவரை பிள்ளை இல்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்ததும் பாட்டிலை வைத்துவிட்டு, பெஞ்சைத் துணியால் துடைத்து, "உக்காருங்க அக்கா" என்றாள். காபி வரவழைத்துக் கொடுத்தாள். நான் வண்டி நின்ற கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையைக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இந்த நிலைமையில் வேண்டாம் என்று கொழுந்தன் சொன்னதற்கு, "அக்கா கூட இருக்காங்க இல்ல" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். வழியெல்லாம் அவள் கேள்வி கேட்டாள். புகை என்ன நிறம். எவ்வளவு நேரம் ஓடி நின்றது. கடைசியாக எந்தப் பீப்பாயிலிருந்து ஊற்றினார்கள்.

"ரெண்டாவது பீப்பா. நேத்து சாயங்காலம். வெள்ளைப் புகை இல்ல, கறுப்பு" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தன். கிண்ணத்தையும் கழட்டச் சொல்லிப் புகைக்குழாய் மேல ஊத்திப் பாத்தன். சத்தம் வரல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்ப நீரு இல்ல. வடிகட்டி அடைச்சிருக்கும்" என்றாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். இரண்டு ஜூஜுவாடி என்று சொல்லி நான் வாங்கினேன். அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது என்ற சந்தோஷம் எனக்கு. என் பதிலிலிருந்து இரண்டு நொடியில் வியாதியைச் சொல்லிவிட்டாளே என்ற எரிச்சலும் கூடவே இருந்தது. ஜூஜுவாடியில் இறங்கி, அவள் கையைப் பிடித்து, ஏரிக்கரை வழியாக மெதுவாக நடத்திக் கூட்டிப் போனேன்.